வாளியார் வெளிப்பணியில் இருக்கிறார்

ஒரு பட்டணத்தில் ஒரு தண்ணீர் வாரியம் இருந்தது. வாரியம் எந்நாளும் இருந்தது. தண்ணீர்தான் சில நாள்களில் இருந்தது. அந்த வாரியத்தின் இரண்டாம் மாடியில், புகார்ப் பிரிவில், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதில் எழுதிவந்த ஒரு மனிதருக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன். எல்லோரும் அவரைப் பதிலெழுத்தர் என்றே அழைத்தார்கள். அந்த வேலைக்கு அப்பால் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கக்கூடும் என்ற ஐயம் அங்கே எவருக்கும் எழுந்ததில்லை.

பதில் எழுதுவதில் தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்று வாரியம் பதினொரு மாதிரிப் பதில்களை அச்சடித்து வைத்திருந்தது. முதல் மாதிரி, ‘தங்கள் கடிதம் கிடைத்தது’. நான்காம் மாதிரி, ‘தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது’. ஏழாம் மாதிரி, ‘தங்கள் புகார் முன்பே கவனத்தில் கொள்ளப்பட்டிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது’. பதினொன்றாம் மாதிரி மிகுந்த கோபக்காரர்களுக்கு உரியது: ‘தங்கள் அக்கறைக்கு நன்றி’. கடிதத்தைப் பார்த்து, எண்ணைத் தேர்ந்து, வாரியத் தலைவரின் ரப்பர் கையெழுத்தைக் குத்தி உறையில் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் பதிலெழுத்தரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவர் புகார்களை முழுவதும் படித்துவிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகள் படித்ததில், ஒரு குழாயைக்கூட நேரில் தோண்டிப் பார்க்காமலே, அந்தப் பட்டணத்துக் குழாய்கள் அத்தனையும் அவர் தலைக்குள் ஓடத் தொடங்கிவிட்டன. எந்த முனையில் அடைப்பு, எந்த வால்வு இறுகிக்கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும்.

ஒருநாள் துணி தைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாள் எழுதியிருந்தார். காலை வேளையில் மட்டும் குழாயில் செந்நிறமாகத் தண்ணீர் வருகிறதாம். வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியெல்லாம் கறையாகிறதாம். காரணம் பதிலெழுத்தருக்குத் தெரியும். தெருமுனையில் குழாய் முடியும் இடத்தில் ஒரு திருகு மூடி உண்டு. மாதம் ஒருமுறை அதைக் கால்மணி நேரம் திறந்துவிட்டால் துரு வெளியேறிவிடும். ஆனால் பதினொரு மாதிரிகளில் எதிலும் அந்தச் செய்தி இல்லை. நான்காம் மாதிரியை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்புமுன், கைப்பேசியில் எல்லோரும் எழுதும் ஒரு தளத்தைத் திறந்து ‘ஓட்டை வாளி’ என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார். வாரிய ஊழியர் சொந்தப் பெயரில் எழுதினால் விதிப்படி குற்றம்.

“இது என்னங்க பேரு?” என்றாள் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே.

“நம்ம வாரியத்துலேருந்து எழுதறது. நிறைஞ்ச வாளின்னு வச்சா எவன் நம்புவான்?”

‘துணி தைக்கும் அம்மாவுக்கு’ என்று தொடங்கினார். ‘உங்கள் தண்ணீருக்கு உடம்பு சரியில்லை. தெருமுனைக் குழாயின் வாயை யாரும் மாதக்கணக்கில் கொப்பளிக்க விடவில்லை…’ என்று போயிற்று அந்தக் குறிப்பு. அம்மாளின் தெருக்காரர்கள் மூடியைத் திருகினார்கள். செந்நீர் போயிற்று, தெளிநீர் வந்தது. ஆறு மாதத்தில் ஓட்டை வாளிக்கு நாற்பதாயிரம் வாசகர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், மேட்டுத் தெருவில் வசித்த அவருடைய சொந்த அக்கா. தம்பியின் பதில்களை அவள் ஒருநாளும் பாராட்டியதில்லை. வாளியின் பதில்களை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

இதற்குள் வாரியத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மக்கள் வாளிக்கே எழுதத் தொடங்கியதால் வாரியத்துக்கு வரும் புகார்கள் பத்தில் மூன்றாகக் குறைந்தன. சிறந்த வாரியம் என்று மேலிடம் ஒரு கேடயம் கொடுத்தது. பாராட்டு விழாவில் வாரியத் தலைவர் ஒலிபெருக்கியைத் தம் உயரத்துக்கு வளைத்துக்கொண்டு பேசினார்:

“நண்பர்களே! புகார் ஏன் வருதுன்னு யாராவது யோசிச்சிருக்கோமா? தண்ணி வராததால புகார் வருதுன்னு சாதாரண ஜனங்க நினைக்கிறாங்க. தப்பு! புகாரை வாங்க ஒரு ஆள் இருக்கறதாலதான் புகார் வருது. இப்ப அதையெல்லாம் வாளி சார்னு ஒருத்தர் வாங்கிக்கறார். நம்ம கையில புகார் இல்ல. அதனால இந்த ஊர்ல குறை இல்ல. இப்படிப்பட்ட மனுஷரை வெளியில விட்டு வைக்கலாமா?”

கூடாது என்று எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே ஆணை பிறந்தது. ஓட்டை வாளி வாரியத்தின் மதிப்புறு நீரியல் ஆலோசகராக, முதல்நிலை அதிகாரியாக, நியமிக்கப்பட்டார். ‘ஓட்டை’ என்று எழுதுவது மரியாதையன்று எனக் கருதப்பட்டதால், அறைக் கதவில் ‘திரு. ஓ. வாளி’ என்று பித்தளைப் பலகை அடித்தார்கள். அறை வேண்டுமே! புகார்ப் பிரிவில் சன்னலோரமாக ஓர் இடம் இருந்தது. அங்கிருந்த பதிலெழுத்தரின் மேசையைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே, வறண்டுபோன குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தடுத்து அறையாக்கினார்கள். சுழல் நாற்காலி வந்தது. மின்விசிறி வந்தது. வாளி மட்டும் வரவில்லை.

ஆனால் வராதவரை வராதவர் என்று பதிவேட்டில் எழுதினால், நியமித்தவர்களுக்கு அல்லவா இழுக்கு? ஆகவே பிரிவுக் கண்காணிப்பாளர் நாள்தோறும் காலை பத்து மணிக்கு ‘திரு. ஓ. வாளி: வெளிப்பணி’ என்று எழுதித் தாமே கையெழுத்திட்டார். கண்காணிப்பாளர் கெட்டவர் அல்லர். விதி எங்கே கைகாட்டுகிறதோ அங்கே நடப்பவர், அவ்வளவுதான். வெற்று நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் குறைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்.

“நீங்களும்தான் இருபத்திரண்டு வருஷமா எழுதறீங்க,” என்று மாடிப்படிக்குக் கீழே குனிந்து பதிலெழுத்தரிடம் சொன்னார். “வாளி சார் எழுத்தைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. ஒரு ஈரம் தெரியும். உங்க நாலாம் மாதிரியில அது இருக்கா?”

“இல்லதான் சார்,” என்றார் பதிலெழுத்தர்.

வாளியைப் போல ஈரத்தோடு எழுதாததற்கு அவருக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும் வந்தது. அதற்கு முதல் மாதிரியில் பதில் அனுப்பினார்.

இவ்வளவும் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் வாரியத் தலைவர் தம் கண்டுபிடிப்பில் மகிழ்ந்து இன்னோர் ஆணையும் இட்டார்: அட்டவணைக்குப் புறம்பாக எந்த வால்வைத் திறப்பதானாலும் ஆலோசகர் வாளி கண்காணிப்பாளர் முன்னிலையில் நேரில் கையெழுத்திட வேண்டும். “இனிமே வாளி சார் கையெழுத்து இல்லாம ஒரு வால்வும் திரும்பாது!” என்றார். அவர் சொன்னபடியே ஒரு வால்வும் திரும்பவில்லை.

அந்த வாரத்தில்தான் மேட்டுத் தெருக் குழாயைப் பழுதுபார்க்க வால்வை மூடியிருந்தார்கள். பழுது இரண்டு நாளில் தீர்ந்தது. திறப்பதற்கான படிவம், வாளியின் வெற்று மேசையில் பதினேழு நாள்களாகக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. தினம் இரண்டு படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும். அடிவாரத்துத் தெருக்குழாயிலிருந்து அறுபத்து நான்கு படி ஏறித் தண்ணீர் சுமக்கிறாள்.

“டேய், நீ அந்த ஆபீஸ்லதானே உட்கார்ந்திருக்கே? இல்ல, வேற எங்கயாவது போய்ட்டு வர்றியா?”

“இருக்கேன்க்கா. ஒரு கையெழுத்துதான் பாக்கி.”

“வாளிக்கு எழுதினேன். உடனே பதில் போட்டுட்டார்டா, புண்ணியவான். சரிவுல திரும்புற இடத்துல இருக்கற வால்வை மூணு சுத்து திருப்பினா போதுமாம். அவருக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே! மாமாவை நேத்து ஈரத்துணியாலதான் துடைச்சுவிட்டேன். எனக்கும் அறுபத்தொண்ணு ஆச்சுடா. முட்டி கழண்டு கையில வந்துடும் போல இருக்கு.”

பதிலெழுத்தர் கைப்பேசியை வைத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய்ச் சொல்லிடுங்க. நான்தான் அந்த ஓட்டைன்னு.”

“வேலை போயிடும்.”

“உங்க மேசையே மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு. இதுக்கு மேல எங்க போகும்?”

அவர் கண்காணிப்பாளரின் மேசை முன் போய் நின்றார்.

“சார், ஒரு விஷயம். வாளி நான்தான்.”

“எந்த வாளி?”

“ஓட்டை வாளி.”

“அப்படிப் பட்டுனு சொல்லாதீங்க. ஓ. வாளி சார்.”

“அந்த ஓ. வாளி சார் நான்தான் சார். படிவத்தைக் குடுங்க, உங்க முன்னாடியே கையெழுத்துப் போடறேன். மேட்டுத் தெருவுல பத்தொன்பது நாளா தண்ணி இல்ல.”

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க என்ன நிலை?”

“மூணாம் நிலை சார்.”

“அவர் முதல் நிலை. மூணு எப்படிங்க ஒண்ணாகும்? சரி, அதை விடுங்க. போன மாசம் பன்னெண்டாம் தேதி எங்க இருந்தீங்க?”

“இங்கதான். மாடிப்படிக்குக் கீழ.”

“வாளி சார் அன்னிக்கு வெளிப்பணி. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க உள்ள, அவர் வெளிய. ரெண்டும் ஒரே ஆள்னா, ஒண்ணு நான் பொய் எழுதியிருக்கணும், இல்ல நீங்க வேலை நேரத்துல வெளிய சுத்தியிருக்கணும். எது?”

பதிலெழுத்தர் கைப்பேசியை எடுத்தார். கண்காணிப்பாளரின் கண்ணெதிரே ஓட்டை வாளியின் பக்கத்தைத் திறந்து, ‘நான் தண்ணீர் வாரியத்தில் பதிலெழுத்தராக வேலை பார்ப்பவன்’ என்று தொடங்கி, தம் முழுப்பெயரையும் போட்டு வெளியிட்டார்.

“பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன்,” என்றார் கண்காணிப்பாளர் வருத்தத்துடன். “ஆனா இதைச் சொல்றது யாரு? வாளி. யாரைப் பத்தி? உங்களைப் பத்தி. நீங்கதான் வாளின்னா, ஒருத்தர் தனக்குத்தானே சாட்சி சொல்ல முடியாது. நீங்க வாளி இல்லன்னா, சாட்சியே பொய். எப்படிப் போனாலும் இடிக்குதுங்களே.”

அரைமணி நேரத்துக்குள் நாற்பதாயிரம் வாசகர்களும் கொதித்தெழுந்தார்கள். வாளியின் கணக்கை எவனோ குமாஸ்தா திருடிவிட்டான் என்றார்கள். ‘வாளியைத் திருப்பிக் கொடு’ என்றார்கள். நடையைப் பார்த்தாலே இவன் வாளியில்லை என்று தெரிகிறதே என்று, அவர் நடந்து ஒருநாளும் பார்த்திராத ஒருவர் எழுதினார். மதியம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

“டேய், உஷாரா இரு! எவனோ ஒரு திருட்டுப்பய வாளி கணக்கைக் கைப்பத்தி, அதுல உன் பேரைப் போட்டு எழுதறான்!”

“அக்கா, அது நான்தான்.”

“சும்மா இருடா. உனக்கு என்னிக்கு இவ்வளவு எழுத வந்துது?”

வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. நீளமான மேசை, மூன்று தண்ணீர்க் குவளைகள், மூன்றும் காலி. வாரியத் தலைவர் நடுவில் அமர்ந்து, பதிலெழுத்தரை இரக்கத்தோடு பார்த்தார்.

“உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நாங்க ஏன் வாளி சாரை இவ்வளவு மதிக்கறோம்? இன்னிக்கு வரைக்கும் அவர் வந்ததில்ல. நாற்காலியில உட்கார்ந்ததில்ல, இதைச் சரி பண்ணுங்கன்னு எங்களைக் கேட்டதில்ல. நீங்க வந்து நிக்கறீங்க. படிவம் கேக்கறீங்க. மேட்டுத் தெருங்கறீங்க, தண்ணிங்கறீங்க. இப்படிக் கேக்கற ஆளை ஒரு வாரியம் எப்படிங்க ஆலோசகரா வச்சுக்கும்?”

பக்கத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். திரு. ஓ. வாளி அவர்களுக்கே எழுதிக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ‘மேற்படி நபர் தாங்கள்தானா என்பதைத் தெரிவிக்கவும்’ என்ற வாரியக் கடிதம் அன்றே அந்தத் தளத்தில் வாளியின் பக்கத்துக்கு அனுப்பப்பட்டது. மாடிப்படிக்குக் கீழே பதிலெழுத்தரின் சட்டைப்பையில் அது கிணுகிணுத்தது.

மாலையில் கண்காணிப்பாளர் வறண்ட தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்காக விதியைப் புரட்டிப் பார்த்தேன். வாரியக் கடிதத்துக்கு ஒரு அதிகாரி முறையாப் பதில் போட்டா, அவர் நேர்ல வந்ததாவே கணக்கு. அதுல வால்வைத் திறக்கச் சொன்னாலும் செல்லும்.”

“அப்ப நாளைக்கே திறந்துடலாமா சார்?”

“அவசரப்படாதீங்க. ‘ஆமாம், அந்த ஆள் நான்தான்’னு பதில் வந்தா, கணக்கு திருட்டுக் கணக்கு. அந்தப் பதில்ல இருக்கற எதுவும் செல்லாது. ‘இல்ல, அந்த ஆள் நானில்ல’ன்னு வந்தா, எழுதினது நிஜ வாளி. அவர் சொன்னதெல்லாம் செல்லும். வால்வு உட்பட. ஆனா இல்லைன்னு வந்தா, உங்க மேல ஆள்மாறாட்டம் உறுதியாகும். அதையும் சொல்லிடறேன். நாளைக்கு உங்களுக்குத் தெரியாம எதுவும் நடந்ததா இருக்கக் கூடாது பாருங்க.”

இருபத்தாறாம் நாள் காலை பதிலெழுத்தர் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இன்னொருவர் கையெழுத்தோடு போயின. தமக்கென்று எழுதியவை வாளியின் பெயரில் போயின. வாழ்நாளில் முதன்முறையாகத் தம் பெயரைப் போட்டு எழுதியது அந்த ஒரு குறிப்புதான். இப்போது அதைத் தம் கையாலேயே பொய்யென்று எழுத வேண்டும்.

“என்ன யோசனை?” என்றாள் மனைவி.

“நான்தான் வாளின்னு உலகத்துல உன் ஒருத்திக்குத்தான் தெரியும்.”

“எனக்கும் தெரியாதுன்னு வேணும்னா எழுதித் தரட்டுமா? அதுக்கு ஏதாவது படிவம் இருக்கா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எழுதினார்.

‘வாரியத்தின் கடிதம் கண்டேன். அந்தப் பதிலெழுத்தர் நானில்லை. அவரை நன்றாக அறிவேன். இருபத்திரண்டு ஆண்டுகள் எல்லாக் குறையையும் படித்தார். ஒரு குறையையும் தீர்க்கவில்லை. அப்படிப்பட்டவர் நானாக இருக்க விரும்பியதில் வியப்பில்லை. அவர்மீது எனக்கு வருத்தமும் இல்லை. நிற்க. மேட்டுத் தெரு வால்வை இன்றே மூன்று சுற்றுத் திறக்கவும். இப்படிக்கு, ஓ. வாளி.’

வாரியம் பூரித்துப்போயிற்று. கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வாசகர்கள் வாளி மீண்டதைக் கொண்டாடினார்கள். பிற்பகலில் தீர்ப்பாணை வந்தது: ஆள்மாறாட்டம் ஐயமற நிறுவப்பட்டதாலும், வால்வுகளைப் பற்றித் தெரியும் எனக் குற்றவாளி பொய் கூறியதாலும், அவற்றைத் தெரிந்துகொள்ளும் பொருட்டு அவர் புகார்ப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, வால்வு திறக்கும் கடைநிலைப் பணிக்கு மாற்றப்படுகிறார். முதற்பணி, மேட்டுத் தெரு.

இப்படியாக, தம் பெயரை இழந்த அன்றே பதிலெழுத்தர் தோளில் நீண்ட இரும்புச் சாவியைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறினார். ஆணை நிறைவேறுவதைக் கண்காணிக்கப் பின்னாலேயே கண்காணிப்பாளர், தேய்த்த சட்டையும் பளபளக்கும் தோல் காலணியுமாக, படிவத்தைப் பிடித்தபடி வந்தார். திருப்பத்தில், தன் வீட்டு வாசலில், அக்கா இரண்டு வாளிகளோடு நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்து மோவாயில் கைவைத்தாள்.

“இது என்னடா கோலம்?”

“வேலை மாத்திட்டாங்கக்கா.”

“ஆள்மாறாட்டம் பண்ணியாமே? வாளியே எழுதியிருக்கார், படிச்சேன். எவ்வளவு பெருந்தன்மையா எழுதியிருக்கார் மனுஷர்! உன்னை ஒரு வார்த்தை திட்டலையே!”

அவர் குழியின் மூடியை நெம்பி அகற்றி, முழங்காலிட்டுச் சாவியை மாட்டினார். தலைக்குள் இத்தனை ஆண்டுகளாக ஓடிய குழாயை அன்றுதான் கையால் தொட்டார். அது அவர் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. நினைத்ததைவிடப் பலமடங்கு இறுகியும் இருந்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அக்கா வாசலில் இருந்த குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. தண்ணீர் வரவில்லை.

பதிலெழுத்தருக்கு வேர்த்தது. மூன்று என்பது காகிதத்தில் படித்த கணக்கு. இந்த வால்வின் திருகு தேய்ந்திருப்பதை எந்தப் புகாரும் சொல்லவில்லை. சாவியை மார்போடு அணைத்து நான்காம் சுற்றுத் திருப்பினார். ஐந்தாம் சுற்றில் மண்ணுக்கடியில் ஏதோ உறுமியது. அக்காவின் குழாய் காற்றைத் துப்பி, செந்நீரைத் துப்பி, பிறகு கயிறு போலத் தண்ணீரை இறக்கியது. வால்வின் கழுத்திலிருந்தும் நீர் கசிந்து குழி நிரம்பித் தெருவில் வழிந்தது. மேலே சன்னலிலிருந்து மாமாவின் குரல் “வந்துட்டுதா? வந்துட்டுதா?” என்று கேட்டது.

“நிறுத்துங்க!” என்றார் கண்காணிப்பாளர், படிவத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு. “ஆணையில மூணு சுத்து. நீங்க அஞ்சு திருப்பிட்டீங்க. ரெண்டைக் குறைங்க.”

“குறைச்சா தண்ணி நின்னுடும் சார்.”

“நிக்கட்டுமே. வாளி சார் எழுத்துல மாத்திக் குடுத்தாலொழிய, நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது. ரெண்டு சுத்து. திருப்புங்க.”

பதிலெழுத்தர் முழங்காலிட்டபடியே ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கட்டைவிரலால் நான்கைந்து சொற்களைத் தட்டினார். அடுத்த நொடி கண்காணிப்பாளரின் பையில் கிணுகிணுத்தது. அவர் எடுத்துப் பார்த்தார். முகம் வெளிறியது.

“‘திருத்தம்: மேட்டுத் தெருவுக்கு ஐந்து சுற்று. ஓ. வாளி.’” உரக்கப் படித்தார். “பார்த்தீங்களா! இந்த நிமிஷம் நடக்கறது அவருக்குத் தெரியுது. இங்கதான் எங்கயோ இருக்கார். நம்மைப் பார்த்துக்கிட்டே இருக்கார்!”

அவசர அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, எதிர் மாடியை, சன்னல்களை, தண்ணீர்த் தொட்டிகளின் மறைவை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார்.

அக்கா தேடவில்லை. அவள் தம்பியின் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை, பல ஆண்டுகளாகப் பார்க்காமல் விட்டதுபோல, வெகுநேரம் பார்த்தாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

“சார்,” என்றாள் கடைசியில். “மேலேயே பார்க்கறீங்களே. கொஞ்சம் கீழ பாருங்க.”

கண்காணிப்பாளர் கீழே பார்த்தார். குழி, அதன் விளிம்பில் தலைமுதல் கால்வரை சேறான ஒரு மனிதர், அவர் கையில் கைப்பேசி, சுற்றிலும் ஓடும் தண்ணீர்.

“அட, ஆமாம்மா! நல்லவேளை சொன்னீங்க,” என்றார். “காலணி நனையுது.”

இரண்டடி தள்ளி, உலர்ந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.